பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள்,
ராத்திரி பதினொன்றரை,
ஜெய்ஹிந்துபுரம் மாடி வீடு.
கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்து
மல்லாந்து கிடக்கிறார் சோலைமலை,
பல்லிடுக்கில் ஒரு வாஷர்.

அப்பா பேரம் பேசி வாங்கிய கட்டில்.
எட்டு போல்ட்டில் நிற்கிறது.
லேசாகப் புரண்டால் போதும்,
விடிந்ததும் கீழ்வீட்டு ஓனரம்மா
கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்து
ஒரு சிரிப்புச் சிரிப்பார்.
புரண்டது மட்டும்தான் நாங்கள்.
நடுவில் ஒரு தலையணை.
அதை வைத்தது யாரென்று
இருவரும் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

ஸ்பேனர் திரும்பத் திரும்ப
என் வயிற்றில் ஏதோ இறுகியது.
சத்தத்தை அடைக்கிறார் என்றால்
சத்தம் வரப்போகிறது என்றுதானே அர்த்தம்.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க;
ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்.
அன்றைக்கு யாரும் சொல்லாமல்
நானே பிடித்திருந்தேன்.
அப்புறம் விட்டேன்.

"இன்னும் இல்லங்க" என்றேன், கட்டிலைப் பார்த்து.
"என்னது?" என்றது வாஷர் கடித்த வாய்.
"நான் இன்னும் தயாரா இல்ல.
பிடிக்காம இல்ல.
நீங்க சட்டை மாத்துறப்ப பாக்கத்தான் செய்றேன்.
ஆனா உங்க மொகம் எனக்கு இன்னும்
போட்டோவுலருந்து எறங்கி வரல."

ஸ்பேனர் நின்றது.
வெகுநேரம் பாதங்கள் மட்டும் தெரிந்தன.
வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"நீ பொரண்டா அந்தச் சத்தத்துல நீயே முழிச்சுக்கிற.
அதுக்குத்தான் டைட் வைக்கேன்.
வேற ஒண்ணுமில்ல."
பிறகு, இன்னும் அடியிலிருந்தே,
"வேற ஒண்ணுமில்லங்கிறது பொய்."

சிரித்திருப்பேன். அதற்குள்
இன்னொன்றையும் சொன்னார்.
கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் பயல்கள்
முதல் வாரமே கேட்டார்களாம்.
எல்லாம் ஆச்சு என்று சொல்லிவிட்டாராம்.

காது சுட்டது எனக்கு.
எனக்கு நடக்காத ஒன்று
நான் இல்லாத டீக்கடையில்
நடந்து முடிந்திருக்கிறது.
"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"
வெளியே வந்து உட்கார்ந்தார். தலைமுடியில் ஒட்டடை.
"கேக்கல. தப்புதான்.
பயமா இருக்குன்னு
அவய்ங்ககிட்ட எப்படிச் சொல்ல, ஜோதி?"

கோபம் போகவில்லை.
கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வைத்தேன்,
அவர் உட்கார இடம் வேண்டுமே.

இரண்டேகாலுக்குக் குழாய் கரகரத்தது.
நாலு நாளைக்கொருமுறை வருகிற தண்ணீர்.
முதல் குடம் செம்மண்ணாக வந்தது,
முருங்கைக்கு ஊற்றினோம்.
மாடிப்படியில் என் இடுப்புக் குடத்துக்குக் கை நீட்டியவர்
நீட்டிய கையை நிறுத்தி
"வாங்கிக்கவா?" என்றார்.
நேற்றுவரை பிடுங்கிக்கொண்டு ஏறுகிற ஆள்.
"இத நானே தூக்குவேன்.
அந்தப் பச்சைக் குடத்த எடுங்க."

"எப்பன்னு தெரிஞ்சா சொல்றியா?"
"சொல்றேன். நீங்களும் சொல்லணும்."
"நானுமா?"
"ஒங்களுக்கும் ஒருநாள் வேணாம்னு இருக்கும்ல."
ஏழாம் படியிலேயே நின்றுவிட்டார்.
இப்படி ஒன்றை யாரும் அவரிடம்
சொல்லியிருக்கவில்லை போல.
பச்சைக் குடம் தளும்பி
லுங்கி நனைந்தது.

தலையணை இருந்த இடத்தில் இருந்தது.
அதன்மேல் கையை வைத்து
"பிடிச்சுக்கவா?" என்றார்.
"பைய" என்றேன்.
கிரீஸ் வாசம் அடிக்கிற, காய்த்த கை.
"கால்ல என்ன காயம்?"
"நம்ம பந்தியில சாம்பார் அண்டா விழுந்துச்சு.
ஷூவுக்குள்ள வச்சுக்கிட்டே
போட்டோவுக்கு நின்னேன்."

ஆல்பம் முழுக்க அந்த இறுகின தாடை.
என்னைப் பிடிக்கவில்லையோ என்று
எத்தனை தடவை புரட்டியிருப்பேன்.

சிரிப்பு அடக்க அடக்கப் பொங்கியது.
அவரும் சேர்ந்துகொண்டார்.
இறுக்கின எட்டு போல்ட்டும்
கிரீச், கிரீச் என்று கத்த,
கீழே ஓனரம்மா
இரண்டு தடவை இருமினார்.